சீனமா, ஜப்பானியமா? பட்டப்படிப்புக்குத் திட்டம் போடும் வீடுகளுக்கு 17 குறிப்புகள்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை திடீரென்று "நான் ஜப்பானியம் படிக்கப் போறேன்", "சைனீஸ் எடுக்கப் போறேன்" என்று சொன்னால் பதறிவிடாதீர்கள். ஒரு வருடம் முன்பே யோசித்துக் காரியம் செய்தால், சொற்பச் செலவில் நல்ல இடத்தில் படிக்கவைத்து விடலாம். எங்கள் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் கைகொடுத்த யோசனைகளை எழுதியிருக்கிறேன், உங்களுக்கும் உதவும்.

1. எந்த மொழி என்று முடிவு செய்யும் முன், கோடை விடுமுறையில் இரண்டையும் தலா ஒரு மாதம் வீட்டிலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பான் பவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூலும் ஒலிப்பதிவுகளும் இணையத்தில் இலவசம். சீனத்துக்கு, ஆங்கில எழுத்தில் உச்சரிப்பைக் காட்டும் பின்யின் பாடங்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. எந்த மொழிப் பாடத்தைப் பிள்ளை தானாகத் தேடி எடுக்கிறது என்று கவனித்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

2. சீனத்தில் நாலு தொனி உண்டு, தொனி மாறினால் பொருளே மாறிவிடும். ஆனால் வினைச்சொல்லுக்குக் காலம், இடம், பால் என்று எந்த விகுதியும் கிடையாது. ஜப்பானியத்தில் உச்சரிப்பு சுலபம், எழுத்து வகையோ மூன்று: ஹிரகானா, கதகானா, சீனத்திலிருந்து வந்த கான்ஜி. பாட்டு, சுருதி என்று காது பழகிய பிள்ளைக்குச் சீனத் தொனி சீக்கிரம் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம்.

3. ஜப்பானிய வாக்கியத்தைத் தமிழ் வழியாகவே யோசிக்கச் சொல்லுங்கள், ஆங்கிலம் வழியாகப் போனால் இரட்டை வேலை. வினை கடைசியில் வருவது, பெயருக்குப் பின்னால் வேற்றுமை ஒட்டுவது, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச்சை மாற்றுவது எல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று எழுதினார். மொழியியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதால் நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சீக்கிரம் ஏறுகிறது.

4. ஹிரகானா, கதகானா இரண்டிலும் அடிப்படை எழுத்து 46 தான். 247 எழுத்தைச் சின்ன வயதிலேயே படித்து முடித்தவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. கல்லூரி திறக்கும் முன்பே இதை முடித்துவிட்டால் முதல் செமஸ்டரில் மூச்சு விட நேரம் கிடைக்கும். மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி, சாப்பிடும் இடத்துக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

5. கான்ஜி, சீன எழுத்து எழுதிப் பழக விலை கூடிய பயிற்சி நோட்டு தேவையில்லை. ஒன்றாம் வகுப்புக்கு வாங்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சதுரமாக வளைத்து, அதற்குள் ஒரு எழுத்தை எழுதச் சொல்லுங்கள். நடுவில் ஓடும் மெல்லிய கோடுகளைப் பார்த்து எழுதினால் எழுத்து ஒரு பக்கம் சாயாது, சீனாவில் குழந்தைகள் பழகும் நோட்டிலும் இதே அமைப்புதான். சும்மா எழுதி அழிக்கப் பழைய சிலேட்டே பிரமாதம்.

6. ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த கான்ஜி 2,136. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அங்கே ஆரம்பப் பள்ளியின் ஆறு வருடத்தில் படிப்பதே 1,026 தான். தினமும் மூன்று எழுத்து என்று வைத்துக்கொண்டால் வருடத்தில் ஆயிரத்தை நெருங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை புதிது வேண்டாம், பழையதைத் திருப்பிப் பார்க்கட்டும்.

7. எங்கே படிப்பது? டெல்லி ஜே.என்.யு.வில் சீனம், ஜப்பானியம் இரண்டிலும் பி.ஏ. ஆனர்ஸ் உண்டு. கட்டணம் மிகமிகக் குறைவு. சாந்திநிகேதன் விஸ்வபாரதியில் தாகூர் காலத்திலேயே, 1937-ல், தொடங்கிய சீன பவனம் இருக்கிறது, ஜப்பானியத்துக்குத் தனியாக நிப்பான் பவனம். டேராடூனில் டூன் பல்கலைக்கழகம் இரண்டு மொழியும் நடத்துகிறது. ரொம்ப தூரம் அனுப்ப மனமில்லை என்றால் ஹைதராபாத் இஃப்லு பல்கலைக்கழகத்தில் ஜப்பானியம் பாருங்கள், சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்.

8. ஜே.என்.யு.வும் மற்ற மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவும் சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் கட்டாயம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பத்தில் தாளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒவ்வொன்றின் கையேட்டையும் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

9. சி.யு.இ.டி. எழுதினால் மட்டும் சீட் வந்துவிடாது. பிறகு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இதைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. தேர்வு எழுதிய பிறகு வாரம் ஒரு நாள் தளத்தைத் திறந்து பார்ப்பது வீட்டில் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

10. இந்த பி.ஏ. வகுப்புகள் 'அ, ஆ'விலிருந்துதான் தொடங்கும். சேருவதற்கே மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் கோச்சிங்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தை விடுதிச் செலவுக்கு எடுத்து வையுங்கள்.

11. ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானியத் திறன் தேர்வு என்5-ல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலை. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலேயே எழுதலாம். பதிவு மாதக் கணக்கில் முன்பே திறந்து சட்டென்று முடிந்துவிடும் என்பதால் காலண்டரில் குறித்து வையுங்கள். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அதனால் தயாரானதும் எழுதி வாங்கி வைத்துவிடலாம்.

12. சீனத் திறன் தேர்வான எச்.எஸ்.கே. சங்கதி வேறு. சீனப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் காட்டும்போது அந்த மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். பத்தாம் வகுப்பிலேயே அவசரப்பட்டு எழுதிக் கட்டணத்தை வீணாக்காமல், விண்ணப்பிக்கப் போகும் வருடத்துக்குப் பக்கமாக எழுத வைத்துக்கொள்ளுங்கள்.

13. ஜே.எல்.பி.டி.யில் பேச்சும் கிடையாது, கையால் எழுதுவதும் கிடையாது. வாசிப்பும் கேட்பும்தான். சான்றிதழ் கையில் இருந்தும் வாய் திறக்க வராத பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படும். தினம் ஐந்து நிமிடம் உரக்கப் படித்துப் போனில் பதிவு செய்து, மூல ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேட்கட்டும், காலணா செலவில்லை.

14. ஜப்பான் போய்ப் படிக்க ஆசையா? கடன் வாங்கும் முன் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையைப் பாருங்கள். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான இளநிலைப் பிரிவில் கல்விக் கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவுத் தொகை எல்லாம் அவர்களே தருவார்கள், முதல் வருடம் முழுக்க மொழிப் பயிற்சி. கலைப் பிரிவுக்கு விண்ணப்பித்தாலும் தேர்வில் கணக்குத் தாள் உண்டு, ஆகவே மொழிதானே என்று கணக்கை மூட்டை கட்டிவிட வேண்டாம். அது கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. இந்தியாவில் ஜப்பானியம் பி.ஏ. சேர்ந்தவர்கள், படிப்பின் நடுவிலேயே ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருடம் படித்துத் திரும்ப அதே அரசு தனிப் பிரிவு வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த வழி இதுதான். பட்டமும் இங்கே சிக்கனமாக முடிகிறது, அந்த நாட்டில் வாழ்ந்த பழக்கமும் கிடைக்கிறது.

15. ஜப்பானில் கல்வி ஆண்டு ஏப்ரலில், சீனாவில் செப்டம்பரில் தொடங்கும். நம் பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருவதால் ஜப்பானுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்க நேரும். அந்த இடைவெளியைச் சும்மா விடாமல், சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் போன்ற இடங்களின் ஜப்பானிய வகுப்புகளில் சேர்த்துவிடலாம்.

16. இனிஷியல் விஷயத்தை இப்போதே சரிசெய்யுங்கள். மதிப்பெண் பட்டியலில் 'கே. கவிதா', ஆதாரில் 'கவிதா கே', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் உதவித்தொகை, விசா விண்ணப்பங்களில் ஒவ்வொரு இடத்திலும் விளக்கக் கடிதம் எழுதி அலைய வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே பாஸ்போர்ட் எடுத்துவிட்டால், பெயரை ஒழுங்கு செய்ய நிதானமாக அவகாசம் கிடைக்கும்.

17. வெறும் மொழியோடு நிறுத்தாமல் பக்கத்துணையாக இன்னொன்றும் கையில் இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022 முதல் அனுமதிக்கிறது, ஆகவே கல்லூரியில் ஜப்பானியம், தொலைநிலையில் பி.காம். என்று சேர்த்துப் படிக்கலாம். டெல்லி, ஹைதராபாத் அனுப்ப வசதிப்படாத வீடுகள் இதையே திருப்பிப் போடுங்கள். உள்ளூர்க் கல்லூரியில் கணினியோ வணிகமோ படித்துக்கொண்டே, மாலையில் ஜப்பானியம் பழகி என்3, என்2 வரை எட்டிவிடலாம். வல்லம் வடகாலில் யமஹா போன்ற ஜப்பானியத் தொழிற்சாலைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. தொழிலும் தெரிந்து மொழியும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் நாற்காலியைத் தாண்டியும் இடம் உண்டு.