ஓர் இன்ஜின் நின்றுவிட்டால்...

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் மிகவும் பிரசித்தம். இரு காளைகளும் ஒத்து இழுக்கும்வரை வண்டி நேராக ஓடும். இடக்காளை தளர்ந்தால், வலக்காளையின் இழுப்பினால் வண்டி இடப்பக்கம் திரும்பிவிடும். இறக்கைக்கு ஓர் இன்ஜினாக இரண்டு கொண்ட சிறு விமானத்திலும் இதுவே நிகழ்கிறது.

திருப்புத்திறன் என்பது விசையையும் செங்குத்துத் தொலைவையும் பெருக்கி வருவது அல்லவா? இட இன்ஜின் நின்றதும், வல இன்ஜினின் விசை விமானத்தின் மூக்கை இடப்பக்கம் திருப்பும். இதற்கு எதிர்த் திருப்புத்திறனைத் தருவது வாலிலுள்ள சுக்கான். விமானி வலக்காலால் மிதியை அழுத்தி அதைத் திருப்புகிறார்.

கோட்டைப்பட்டினத்து மீனவரைக் கேளுங்கள். நின்ற படகில் சுக்கான் பயன்படாது என்பார். சுக்கானில் காற்று தரும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஏழு பங்கானால் விசை ஏறத்தாழ பாதியாகிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே, சுக்கானை முழுவதும் திருப்பினாலும் விமானம் அடங்காது, சாய்ந்து புரண்டுவிடும். அந்நிலையில், ஓடுகின்ற நல்ல இன்ஜினின் திறனையே குறைத்து, மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும்! அதற்கு உயரம் கைவசம் இருக்க வேண்டும்.

ஓர் இன்ஜின் நின்றால் திறன் பாதிதானே குறையும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றும் 150 குதிரைத்திறன் என்க. உயரம் மாறாமல் பறக்க 120 தேவை எனில், மேலேற மிஞ்சுவது 180. ஒன்று நின்றால் மிஞ்சுவது 30. அதாவது ஆறில் ஒரு பங்கே! நின்ற இன்ஜினின் விசிறி காற்றைத் தடுப்பதால் அதிலும் குறையும்.

ஆகவே விமானி முதலில் திசையையும் வேகத்தையும் காக்கிறார். திறனை முழுமையாக்கி, சக்கரங்களை உள்ளிழுக்கிறார். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து இன்ஜினே நின்றது. அதன் திறன் நெம்பை மெல்லப் பின்னிழுத்துச் சரிபார்க்கிறார். அவசரத்தில் நல்ல இன்ஜினை நிறுத்திவிட்டால் என்னாவது? பிறகே நின்ற விசிறியின் அலகுகளைக் காற்றோட்டத்திற்கு இணையாகத் திருப்பித் தடையைக் குறைக்கிறார்.

இம்முறைகளைச் சோதிப்பதும் எளிதன்று. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய 'சரஸ்' என்னும் இரட்டை இன்ஜின் விமானம் 2009 மார்ச் 6 அன்று சோதனைக்காகப் பறந்தது. வானில் ஓர் இன்ஜினை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது, அது வேகமாக உயரம் இழந்து பிடதி அருகே விழுந்தது. விமானப்படையைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். மீண்டும் இயக்குவதற்கு வகுத்த முறை தவறு, அதைச் செய்த உயரமும் போதாது என்று விசாரணை கூறியது. திருத்தியமைத்த சரஸ் 2018 ஜனவரியில் மீண்டும் பறந்தது.

இரண்டாம் இன்ஜின் மட்டும் காப்பாற்றாது. வேகமும் உயரமும் சரியான முறையும் உடன் வேண்டும். எங்கே, வேகம் பாதியானால் சுக்கானின் விசை எத்தனை பங்காகும்? கணக்கிட்டுப் பாருங்கள்!