மூட்டு மாற்று ஆபரேஷனா? தேதி குறிக்கும் முன் யோசிக்க வேண்டியவை

வேளச்சேரியில், லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சையில் நாங்கள் அறிந்துகொண்டது இதுதான்: ஆபரேஷன் டாக்டர் பொறுப்பு, கால் மடங்குவதும் நிமிர்வதும் வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பு.

எல்லோரும் முதலில் கேட்பது செலவு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்று வைத்த விலை, ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய். எஸ்டிமேட்டில் இம்ப்ளான்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை செல்லுமா என்றும் விசாரியுங்கள்.

அடுத்த கேள்வி, எத்தனை வருஷம் உழைக்கும்? முழு மூட்டு மாற்றியவர்களில் 100க்குச் சுமார் 82 பேருக்கு அது 25 ஆண்டுகள் தாங்குகிறது என்று 2019இல் லான்செட் இதழ் ஆய்வு சொன்னது.

சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இருந்தால் முன்பே சரிசெய்துவிடுங்கள். கிருமி செயற்கை மூட்டில் தங்கிவிட்டால் மறுபடி ஆபரேஷன் வரை போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேளுங்கள்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஒன்று: ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் பிசியோதெரபிஸ்ட் வர முடியாது, தையல் பிரிக்கவும் போக முடியாது. அவசரமில்லை என்றால் டாக்டரைக் கேட்டு, தை பிறந்தபின் தேதி வாங்குங்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழக் கைப்பிடி, கை வைத்த உயரமான நாற்காலி, வாக்கர் எல்லாம் அட்மிட் ஆகும் முன்பே தயாராகட்டும். வழுக்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

வலிக்கு இதமாக அம்மா முட்டிக்கு அடியில் தலையணை கேட்பார். பிசியோதெரபிஸ்ட் அதை உருவிவிட்டு, குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தார். "முட்டி கீழே அழுந்தணும்மா. மடக்கியே வெச்சா கால் நேராகாது" என்றார். பயிற்சி வலிக்கும், வலி மாத்திரை போட்டுக்கொண்டாவது செய்ய வேண்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். திடீரென மூச்சு வாங்கினால் 108ஐ அழையுங்கள்.

கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளே பேசி முடித்துவிடாமல், ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவரைக் கேட்க விடுங்கள்.