தாய்மொழியும் சிறைக்கதவும்: குர்திய மக்களின் வரலாற்றிலிருந்து

சிலுவைப் போர்களைப் பற்றிப் படித்த மாணவிகள் சலாதீன் என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். 1187-ஆம் ஆண்டு எருசலேம் நகரைக் கைப்பற்றிய மன்னர் அவர். அவரை அராபியர் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் குர்து இனத்தில் பிறந்தவர். அத்தகைய வீரரைத் தந்த இனத்தின் பிள்ளைகள், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், தங்கள் தாயின் மொழியைப் பேசியதற்காகவும் கற்பித்ததற்காகவும் சிறைக்குச் சென்றனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

குர்திய மக்கள் இன்று துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளின் மலைப்பகுதிகளில் வாழ்கின்றனர். அவர்கள் தொகை சுமார் மூன்று கோடி எனக் கணிக்கப்படுகிறது. தனி நாடு அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய மொழி துருக்கி மொழியின் கிளை அன்று. அதற்கும் பாரசீகத்துக்குமே நெருங்கிய உறவு. துருக்கியில் வாழ்வோர் பேசும் வழக்கு குர்மாஞ்சி எனப்படும். அது இலத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. ஈராக்கிலும் ஈரானிலும் பெரிதும் வழங்கும் சொரானி வழக்கு அரபு எழுத்தில் எழுதப்படுகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் 1923-ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. புதிய துருக்கி அதன்படியே உலகின் ஏற்பைப் பெற்றது. துருக்கியில் வாழும் சிறுபான்மையோர் தம் பள்ளிகளைத் தாமே நடத்தலாம் என்று அந்த உடன்படிக்கை கூறிற்று. ஆனால் முஸ்லிம் அல்லாதோர் மட்டுமே சிறுபான்மையோராக ஏற்கப்பட்டனர். குர்தியரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆகவே, மொழி வேறாக இருந்தும் அவர்கள் கணக்கில் சேரவில்லை. பின்னர் அவர்களை 'மலைத் துருக்கியர்' என்று அழைக்கும் வழக்கமும் அரசு வட்டாரங்களில் எழுந்தது. ஓர் இனமே இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்கு மொழி உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை அல்லவா?

1928-ஆம் ஆண்டு வந்த துருக்கி எழுத்துச் சட்டத்தில் இலத்தீன் எழுத்துகளான க்யூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்றும் இடம்பெறவில்லை. குர்தி மொழிக்கோ அம்மூன்றும் தேவை. அந்த எழுத்துகள் அடங்கிய பெயரைக் குழந்தைக்குச் சூட்டி, பிறப்பைப் பதிவு செய்யச் சென்ற பெற்றோர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். வீட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் வேறு பெயர் என்று வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். அந்த மூன்று எழுத்துகளுக்கான தடை நீங்க 2013-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மெஹ்மத் எமின் போசர்ஸ்லான் என்ற எழுத்தாளர் 1968-ஆம் ஆண்டு குர்தி மொழியில் ஓர் அரிச்சுவடி வெளியிட்டார். நாம் முதல் வகுப்பில் பிரிக்கும் புத்தகத்தைப் போன்றதே அதுவும். அரசு அதைப் பறிமுதல் செய்தது, ஆசிரியர் சிறையிலடைக்கப்பட்டார். பின்னர் அவர் சுவீடன் நாட்டில் குடியேறினார். மொழிக்காகச் சிறை சென்றோர் குர்தியர் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. இஸ்மாயில் பெஷிக்சி துருக்கி இனத்தவர், சமூகவியல் அறிஞர். குர்தியரைத் தனி இனம் என்று ஆராய்ந்து எழுதியதற்காக மொத்தம் சுமார் 17 ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். தம் இனத்துக்கு அநீதி நேர்ந்தால் குரல் கொடுப்போர் பலர். பிறர் இனத்துக்காகச் சிறை ஏகியவரை நான் இன்னும் உயர்வாகவே மதிக்கிறேன்.

1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் துருக்கியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தியார்பக்கிர் என்பது குர்தியரின் பெருநகரம். கருங்கல் மதில் சூழ்ந்த அந்நகரின் பக்கமாக ஓடுவது தைகிரிஸ் நதி. விவிலியத்தின் தொடக்க நூலில் ஏதேன் தோட்டத்தோடு சேர்த்துக் கூறப்படும் நதிகளுள் ஒன்று. அந்நகரின் இராணுவச் சிறையில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். அங்கே நடந்த சித்திரவதைகளை இந்த மலரில் விரித்து எழுத மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கைதிகளைக் காண வருவோர் துருக்கி மொழியில் மட்டுமே பேச வேண்டும் என்பது அங்கே கட்டளை. மலைக்கிராமங்களிலிருந்து வந்த தாய்மார்களுக்கோ ஒரு துருக்கிச் சொல்லும் தெரியாது. மகனைக் கண்டதும் குர்தி மொழியில் வாய் திறந்தால் சந்திப்பு முடிந்துவிடும். மகனுக்கு அடியும் விழும். ஆகவே பல தாய்மார்கள் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி ஊமையாக நின்று, நேரம் முடிந்ததும் திரும்பிச் சென்றனர்.

1983-ஆம் ஆண்டு 2932 எனும் எண் கொண்ட சட்டம் வந்தது. அதன் சொற்கள் கூர்ந்து பார்க்கத்தக்கவை. குர்தி என்ற சொல்லே அதில் கிடையாது. துருக்கி ஏற்றுக்கொண்ட நாடுகளின் 'முதல்' ஆட்சிமொழி தவிர வேறு எம்மொழியிலும் கருத்துகளை வெளியிடக்கூடாது என்றது அச்சட்டம். 'முதல்' என்ற அந்த ஒரு சொல் ஏன்? அண்டை நாடான ஈராக்கில் குர்தி இரண்டாம் ஆட்சிமொழியாக இருந்தது. அந்த வழியாகவும் குர்தி உள்ளே நுழைந்துவிடக்கூடாது அல்லவா! துருக்கிக் குடிமக்கள் அனைவரின் தாய்மொழியும் துருக்கியே என்றும் சட்டம் அறிவித்தது. ஒருவருடைய தாய்மொழி எது என்பதைத் தாய் முடிவு செய்யாமல் இராணுவ ஆட்சி முடிவு செய்த விந்தை இது. 1991 ஏப்ரலில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இனி ஒரு பெண்மணியைச் சந்திப்போம். லெய்லா ஜானா 1961-ஆம் ஆண்டு சில்வான் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்குச் சென்றது சில காலமே. பதினான்கு வயதில் தம்மைவிட இருபது ஆண்டு மூத்த உறவினர் மெஹ்தி ஜானாவுக்கு மணமுடிக்கப்பட்டார். 1977-ஆம் ஆண்டு கணவர் தியார்பக்கிர் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1980-இல் இராணுவம் அவரைப் பிடித்துச் சென்றது. துருக்கி மொழி அறியாத இளம் மனைவி, இரண்டு குழந்தைகளோடு சிறைச்சாலை சிறைச்சாலையாக அலைந்தார். அந்த அலைச்சலில்தான் துருக்கி மொழியைக் கற்றார். வீட்டிலிருந்தபடியே படித்துத் தேர்வெழுதி, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழையும் பெற்றார்.

1991 அக்டோபரில் அவர் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன் குர்தியப் பெண் எவரும் அந்த அவையில் அமர்ந்ததில்லை. நவம்பர் 6-ஆம் நாள் உறுதிமொழி ஏற்பு. சட்டப்படி துருக்கி மொழியில் முழுவதையும் கூறிய பிறகு, ஒரே ஒரு வாக்கியத்தைக் குர்தி மொழியில் சேர்த்தார். துருக்கி மக்களும் குர்திய மக்களும் சகோதரராக வாழ்வதற்காக இதை ஏற்கிறேன் என்பதே அதன் பொருள். அவை கொந்தளித்தது. 'பிரிவினைவாதி' என்றும், கைது செய்யுங்கள் என்றும் உறுப்பினர்கள் கூச்சலிட்டனர். குர்தி மொழிக்கு எதிரான சட்டம் நீங்கி அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது மனங்களிலிருந்து நீங்கவில்லை.

1994 மார்ச்சில் அவருடைய பாராளுமன்றப் பாதுகாப்பு பறிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தடை செய்யப்பட்ட ஆயுத இயக்கமான குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் என்று கூறி, 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தனர். அவர் அதை மறுத்தார். குற்றச்சாட்டுகளில் அந்த உறுதிமொழியும், அன்று அவர் அணிந்திருந்த மஞ்சள், பச்சை, சிவப்பு நிறத் தலைப்பட்டையும்கூட இடம்பெற்றன.

இங்கே நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இயக்கம் 1984 முதல் நடத்திய போரில் இரு தரப்பிலும் சுமார் 40,000 பேர் மாண்டனர். கிராமப் பள்ளி ஆசிரியர்கள் பலரையும் அவ்வியக்கத்தினர் கொன்றனர். அரசுக்கு அச்சம் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் துப்பாக்கி ஏந்தியவரையும் அரிச்சுவடி ஏந்தியவரையும் ஒரே தராசில் நிறுத்தியதுதான் பெரும் பிழை.

சிறையிலிருந்தபோதே 1995-ஆம் ஆண்டு ஐரோப்பியப் பாராளுமன்றம் லெய்லாவுக்குச் சாகரவ் விருதை வழங்கியது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. 2004 ஜூன் 9-ஆம் நாள் விடுதலையானார். துருக்கி அரசுத் தொலைக்காட்சி முதன்முதலாகக் குர்மாஞ்சி மொழியில் ஒளிபரப்பியதும் அதே நாளில்தான். ஒன்பது ஆண்டு காத்திருந்த விருதை அவ்வாண்டு அக்டோபரில் நேரில் பெற்றுக்கொண்டார்.

2012 முதல் துருக்கிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலிருந்து குர்தியை விருப்பப் பாடமாகப் படிக்கலாம். வாரம் இரண்டு மணி நேரம். குறைந்தது பத்து மாணவர் கேட்க வேண்டும். எனினும் கல்வி நிலையங்களில் துருக்கியைத் தவிர வேறு மொழியைத் தாய்மொழியாகக் கற்பிக்கக்கூடாது என்ற அரசியலமைப்பின் 42-ஆம் பிரிவு நீங்கவில்லை.

எல்லைக்கு அப்பால் ஈரானில் நிலைமை வேறு விதம். அந்நாட்டு அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, பாரசீகத்தோடு வட்டார மொழிகளின் இலக்கியத்தையும் பள்ளிகளில் கற்பிக்க அனுமதிக்கிறது. ஏட்டில் உள்ள அந்த உரிமை வகுப்பறைக்கு வரவில்லை. சனந்தஜ் நகரில் ஜாரா முகம்மதி என்ற இளம்பெண் ஒரு பண்பாட்டுக் கழகத்தின் வழியே குழந்தைகளுக்குக் குர்தி மொழி கற்பித்து வந்தார். 2019 மே மாதம் அவர் கைதானார். நாட்டின் பாதுகாப்புக்கு எதிராகக் குழு அமைத்தார் என்று 2020-இல் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஐந்தாண்டாகக் குறைந்தது. 2022 ஜனவரியில் தண்டனையை ஏற்க அவர் சிறைக்குச் சென்ற நாளில் ஊர் மக்கள் திரண்டு உடன் சென்று வழியனுப்பினர். ஓராண்டுக்குச் சற்று அதிகமாக உள்ளே இருந்தபின், 2023 பிப்ரவரியில் வெளியே வந்தார்.