லாரியில் கூடுதல் டீசல் பம்ப், ஃபில்டர் மாட்டுகிறீர்களா?

வெளிக்கடையில் வாங்கிய மின்சார பம்பை டேங்குக்குப் பக்கத்தில், சேசிஸின் உள்பக்கம் தாழ்வாக மாட்டுங்கள். இந்த வகை பம்புகள் டீசலைத் தள்ளுவதில் கெட்டி. தூரத்திலிருந்து உறிஞ்சுவதில் மந்தம். சைலன்சர் சூடு படும் இடம் கூடாது. வயரை ரிலே, ஃபியூஸ் வைத்தே இழுங்கள். சாவியை அணைத்தால் பம்பும் நிற்க வேண்டும்.

ஃபில்டர் தலையில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து ஹோஸைச் செருகுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் பம்புக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். கூடவே வரும் படத்தைப் பார்ப்பது நல்லது, மெக்கானிக் எவ்வளவு அனுபவசாலியானாலும்!

மரையில் டெஃப்லான் டேப் வேண்டாம். பிய்ந்த துணுக்கு உள்ளே போனால் இன்ஜெக்டர் வரை தொல்லை. காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். அங்கே சிறு தூசிகூட அரம்தான். அதே காரணத்துக்காக, புது ஃபில்டரில் கேன் டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள். காலியாக மாட்டி, ஹேண்ட் பிரைமரையோ புது பம்பையோ ஓடவிட்டு ஏர் எடுங்கள்.

மாட்டிய பிறகும் வண்டி இழுக்கத் திணறுகிறதா? உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் கிளிப்பைப் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

ஃபில்டரில் தேங்கிய தண்ணீரைக் காலையில், வண்டியைக் கிளப்பும் முன் திறந்துவிடுங்கள். இரவெல்லாம் நின்றதில் அடியில் படிந்திருக்கும்.