டிரையர் அடுப்பை எதைப் பார்த்துத் திருத்துவது?

தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் அடுப்பை மூட்டிச் சூடு திருத்தும்போது எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போகும்: உள்ளே நுழையும் காற்றின் வெப்பமானி. முள் 95 பாகை செல்சியஸைத் தொட்டதும் 'சூடு வந்துவிட்டது, தூளைப் போடு' என்பார்கள். தூள் என்பது உருட்டி நொதிக்கவைத்த ஈர இலை. புகைபோக்கியின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் டம்பர் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறதோ அதுவே அன்றைய அளவாகிவிடும். இந்த வழக்கம் பிழை என்பது இந்த வேலையில் பழகிய எனது முடிவு. வெறும் டிரையரில் கிடைக்கும் 95 பாகை அடுப்பைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். தட்டுகளில் தூள் நிறைந்து ஓடும்போதுதான் அடுப்பைத் திருத்தவேண்டும். அப்போது பார்க்கவேண்டியது வெளியேறும் காற்றின் சூடு. குறித்துவைக்க ஓர் அளவு போதாது. மேல் எல்லை, கீழ் எல்லை என இரண்டு வேண்டும்.

காரணம் டிரையரின் அமைப்பிலேயே இருக்கிறது. லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் காலத்தில் இலையைக் கரியடுப்பின் மேல்தான் உலர்த்தினார்கள். பெல்பாஸ்டின் சாமுவேல் டேவிட்சன் செய்த 'சிரோக்கோ' போன்ற இயந்திரங்கள் வந்த பிறகு தீ ஒரு பக்கமும் தேயிலை ஒரு பக்கமும் ஆயின. விறகின் புகை இரும்புக் குழாய்களுக்குள் போய்ப் புகைபோக்கியால் வெளியேறும். குழாய்களுக்கு வெளியே ஓடும் சுத்தமான காற்றை விசிறி இழுத்து டிரையரின் அடியில் செலுத்தும். தூள் மேல் தட்டில் விழுந்து படிப்படியாகக் கீழிறங்க ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். காற்று அதற்கு எதிராக மேலேறும். 90 முதல் 95 பாகையில் நுழையும் காற்று, தூளின் ஈரத்தை வாங்கிக்கொண்டு 50 முதல் 55 பாகையில் வெளியேறினால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். அது 49க்குக் கீழே போனால் மேல் தட்டில் கிடக்கும் தூள் காயாமல் வெந்துபோகும், நொதிப்பும் நிற்காது. 57ஐத் தாண்டினால் துணுக்கின் மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கும். அந்தத் தேயிலை வெளியே வரும்போது நன்றாகத்தான் தெரியும், பெட்டியில் சில வாரம் இருந்தால் கெட்டுவிடும்.

உள்ளே போகும் சூடு அடுப்பைப் பற்றியது, வெளியேறும் சூடு தேயிலையைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவருக்கே கோளாறு எங்கே என்று தெரியும். உள்சூடு சரியாக இருந்து வெளிச்சூடு மட்டும் விழுந்தால் விறகு போடுவதில் பயனில்லை. தூள் கனமாகப் பரவுகிறது அல்லது ஈரம் அதிகம் என்று பொருள். பரப்பை மெல்லியதாக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால்தான் தீயைக் கவனிக்கவேண்டும். உள்சூட்டு முள்ளை மட்டும் நம்புகிறவர் முதல் வகைக் கோளாறைக் காணவே மாட்டார்.

அடுப்பின் மீதான சுமை ஒரே தொழிற்சாலையில் நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ தேயிலை எடுக்க, தூளின் ஈரம் 55 சதவீதமாக இருந்தால் ஏறத்தாழ 1.16 கிலோ நீரை ஆவியாக்கவேண்டும். தூள் 60 சதவீதமாக இருந்தால் 1.43 கிலோ. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் வாட்டம் போதாமல் கொழுந்து ரோளருக்குப் போவது சாதாரணம். அந்த ஐந்து சதவீத ஈரமே சுமையைக் கிட்டத்தட்ட கால்பங்கு கூட்டிவிடுகிறது. விறகின் கதை இதைவிட மோசம். நன்றாகக் காய்ந்து 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 14 மெகாஜூல் வெப்பம் தரும்; வெட்டிய சூட்டோடு, பாதி நீராக வரும் விறகு 8தான் தரும். வெளியே 20 பாகை இருக்கும் பகலில் 95க்கு ஏற்ற 75 பாகை உயர்வு போதும். நுவரெலியாவில் தை மாதத்துப் பனி இரவில் வெளிக்காற்று 5 பாகை என்றால் 90 தேவை. அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இப்படி மூன்று பக்கமும் அசையும் ஒன்றுக்கு டம்பரில் சோக்கட்டியால் ஒரே ஒரு கோடு போட்டுவைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

உயரத்தையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் ஐந்தில் ஒரு பங்கு காற்றைக் குறைவாகவே தள்ளுகிறது, தீக்கு எட்டும் ஒட்சிசனும் அதே அளவு குறைகிறது. கொழும்பில் எழுதிய அளவுத்தாளை இங்கே அப்படியே ஒட்டினால் தீ புகையும், குழாய்களில் கரி படியும். வெப்பமானியிலும் இதே பொறி இருக்கிறது. கொதிநீரில் வைத்துச் சோதித்து, முள் 100ஐத் தொடவில்லை என்று திருகித் திருத்துகிறவர்கள் உண்டு. நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கும், ஹட்டனில் 96 அளவில். 94 காட்டிய நல்ல வெப்பமானியை 100க்குத் திருகினால், அன்றிலிருந்து 95 என்று காட்டும் காற்று உண்மையில் 89 பாகைதான். 'அடுப்பு எரிகிறது, தேயிலை காயவில்லை' என்ற புலம்பல் இப்படியும் வரலாம்.

இனி திருத்தும் முறை. முதலில் விசிறியை ஓடவிட்டு, சிறு தீயாக மூட்டி, குழாய்களும் செங்கல்லும் மெதுவாகச் சூடாக விடவேண்டும். அவசரப்பட்ட தீ வார்ப்பிரும்பில் வெடிப்பு உண்டாக்கும். வெடிப்பு வழியாகப் புகை காற்றில் கலந்தால் அந்தப் புகைவாடையை 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் ருசிபார்ப்பவர் ஒரே மிடறில் பிடித்துவிடுவார். பிறகு வழமையான கனத்தில் தூளை ஓட்டி, தட்டுகள் நிறைந்து முதல் தேயிலை கீழே விழும்வரை எதையும் தொடக்கூடாது. அதன் பிறகு சாம்பல் கதவையும் புகைபோக்கி டம்பரையும் திருத்தி, முழுச் சுமையில் இரு வெப்பமானிகளும் நிலைத்து நிற்கும் இடத்தைக் குறிக்கவேண்டும். அது மேல் எல்லை. ஒரு தூள் முடிந்து அடுத்தது வரும்வரை உள்ள இடைவெளியில், புகையாமல் எரியக்கூடிய மிகச் சிறிய தீ எது என்று பார்த்துக் குறிப்பது கீழ் எல்லை. வெளிநாட்டு வர்த்தகக் கட்டடங்களில் எரிவாயு உலை பொருத்துகிறவர்கள் சூட்டுக்கேற்பத் தானே கூடிக் குறையும் வால்வை இப்படித்தான் திருத்துகிறார்கள்: பெருந்தீயின் அழுத்தத்தை வைத்து, சிறுதீயை வைத்து, மறுபடி பெருந்தீயைச் சரிபார்ப்பார்கள். ஒரு திருகு மற்றதை இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நமது சாம்பல் கதவும் டம்பரும் ஒன்றையொன்று அப்படித்தான் இழுக்கின்றன. ஆகவே கீழ் எல்லையை வைத்தபின் மேல் எல்லையை மீண்டும் பார்க்காமல் விடக்கூடாது. இதில் மிகக் கடினமானது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஒரு மாற்றம் செய்தால் தூள் ஒரு சுற்று முடியும்வரை, அந்த இருபது நிமிடம், அடுத்ததைத் தொடாமல் இருக்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டம்பரை அசைப்பவர் தன் முந்தைய அசைவின் விளைவைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்.

புதிய டிரையர்களில் தானியங்கிக் கட்டுப்பாடு வந்துவிட்டதே என்பார்கள். அதுவும் பெரும்பாலும் உள்சூட்டைத்தான் பார்க்கிறது. விறகுத் தீயை நினைத்தவுடன் அணைக்க அதனால் முடியாது, சூடு மிஞ்சினால் குளிர்காற்றுக் கதவைத் திறந்துவிடும். முள் அசையாமல் நிற்கும், விறகு வீணாகும். எல்லைகளைக் கையால் சரியாக வைத்துக்கொடுத்தால்தான் அது உதவும். எரிவாயுவுக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை என்பது இன்னொரு வாதம். வீட்டுக்கு வாங்கும் 12.5 கிலோ சிலிண்டரின் வெப்பம் ஏறத்தாழ 40 கிலோ காய்ந்த விறகுக்குச் சமம். இரண்டின் விலையையும் அறிந்தவர்கள் மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வால்வும் இந்த மலையில் வைத்த இடத்தில் நிற்காது. 2,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில், கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் வாயுத் தீயை 4 சதவீதம் குறைத்துத் திருத்தவேண்டும் என்பது அமெரிக்காவில் நெடுநாள் பழகிய விதி. நுவரெலியாவின் 6,128 அடிக்கு அது ஏறக்குறைய கால்பங்கு. 2021 இறுதியில் இலங்கையில் அடுப்புகள் வெடித்த செய்திகளும், சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று விசாரணைக் குழு சொன்னதும் நினைவிருக்கும். எரிபொருள் மாறினால் பழைய திருத்தம் செல்லாது. வாயுவுக்கும் விறகுக்கும் இதில் வேற்றுமை கிடையாது.

நொதிக்கும் தூள் காத்திருக்காதே, இருபது நிமிடம் யார் நிற்பது என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் எல்லை வைக்கும் வேலையைக் கொழுந்து குறைந்த நாளில் செய்யச் சொல்கிறேன். நெருக்கடி நாளில் குறித்த எல்லைகளுக்குள் நகர்ந்தால் போதும். அடுப்படியில் பல வருடம் நின்றவருக்கு வெப்பமானியே வேண்டாம், தீயின் நிறமும் கையில் அள்ளிய தேயிலையின் சரசரப்பும் போதும் என்பதையும் மறுக்கமாட்டேன். அவர் கை பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் அவர் இரவு வேலைக்கு வராத நாளில், அல்லது ஓய்வுபெற்ற பிறகு, அந்த அறிவு தொழிற்சாலையில் இருக்காது. அவர் எங்கே டம்பரை நிறுத்துகிறார், அப்போது இரு முட்களும் எதைக் காட்டுகின்றன என்று எழுதிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். விசிறி நின்றால் குழாய்களைக் காக்கக் காற்று இல்லை, தீயை உடனே அடக்கவேண்டும். 2022இல் 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்த நாட்டில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

டீமேக்கர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் டிரையரின் மேற்பக்கம், வெளியேறும் காற்றில் வெப்பமானி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று இன்றைக்கே ஏறிப் பாருங்கள். இல்லையென்றால் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு விலை கேட்பதற்கு முன் அதை வாங்கிப் பொருத்துங்கள்.