பக்கவாதம்: புதிய ஊசியும் நாலரை மணி நேரமும்

பக்கவாதம் வந்த பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கும். மற்றவர்களுக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், சி.டி. ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. கசிவு என்றால் அதே ஊசி உயிருக்கே ஆபத்து.

பழைய ஊசி, புதிய ஊசி

1996 முதல் இதற்குப் பயன்பட்டு வந்த மருந்து ஆல்டிப்ளேஸ். எடைக்கேற்ப அளவெடுத்து, பத்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் பம்பு வழியாக ஏற்ற வேண்டும். பெரிய கட்டியாக இருந்து வேறு மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால் பம்போடுதான் கொண்டுபோக வேண்டும்.

டெனெக்டிப்ளேஸ் மாரடைப்புக்கு ஏற்கெனவே பயன்பட்ட மருந்து. சில நொடிகளில் ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். நம் நாட்டில் பக்கவாதத்துக்கு இதைப் பயன்படுத்த 2016-இல் அனுமதி கிடைத்தது. கனடாவில் 1,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, புதியது பழையதற்குக் குறைந்ததல்ல என்று 2022-இல் தெரிந்தது. அமெரிக்கா 2025 மார்ச்சில் அனுமதி தந்தது.

அனுமதியால் என்ன மாறுகிறது? மருத்துவர் தயங்காமல் எழுதித் தரலாம். மருத்துவமனை அவசரப் பிரிவிலேயே இருப்பு வைக்கலாம். ஊசி போட்ட கையோடு நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி, கட்டியைக் குழாய்வழி எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பலாம்.

மாறாதவை

முதல் அறிகுறியிலிருந்து நாலரை மணி நேரம் என்ற கெடு மாறவில்லை. அதற்குள்ளும் முந்துவதே நல்லது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. ரத்தக்கசிவு அபாயமும் நீங்கவில்லை. அந்தக் கனடா ஆய்வில் இரு மருந்திலும் நூற்றுக்குச் சுமார் மூவருக்கு அது நேர்ந்தது. அதனால்தான் மருத்துவர் குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்கிறார்.

இங்கேதான் பல வீடுகளில் நேரம் போகிறது. "மூத்தவர் ஊரிலிருந்து வரட்டும்", "மச்சானைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று காத்திருக்கும் ஒரு மணி நேரத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. அவசரத்தில் யார் முடிவெடுப்பது என்பதை இன்றே வீட்டில் பேசி வையுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல் — ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதம் போலிருக்கிறது என்று சொல்லுங்கள்.

• கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறியுங்கள். இஷா தொழுதுவிட்டு நலமாகப் படுத்தவர் ஃபஜ்ருக்கு எழும்போது கை விளங்கவில்லை என்றால், படுத்த நேரமே கணக்கு. அவர்களிலும் சிலருக்கு ஸ்கேன் பார்த்துச் சிகிச்சை தர முடியும். ஆகவே "நேரம் தாண்டிவிட்டது" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

• தண்ணீர், மாத்திரை, ஆஸ்பிரின் எதுவும் வாயில் கொடுக்காதீர்கள்.

• சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள்.

• மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதியினர் தங்கள் வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவமனையில் இரவும் பகலும் சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் உண்டு என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையையும் கணக்கில் வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுக்கத் தோதான இடத்தில் வையுங்கள்.