கிராம அரைவை நிலையத்திற்கு மின்சாரச் சுமையை மதிப்பிடும் முறை

1993-ஆம் ஆண்டு வரை தென்னாற்காடு ஜில்லாவின் பகுதிகளாக இருந்த கடலூர், சிதம்பரம் தாலூகாக்களில், தாம் விளைவித்த நெல்லையும் நிலக்கடலையையும் தாமே அரிசியாகவும் எண்ணெயாகவும் மாற்றி விற்க முற்படும் குடியானவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் கேள்வி யந்திரத்தின் விலையன்று. எத்தனை கிலோவாட் மின்சாரத்திற்கு விண்ணப்பிப்பது என்பதேயாகும். அதிகமாகக் கேட்டால் வைப்புத்தொகையும் மாதந்தோறும் செலுத்தும் நிலைக்கட்டணமும் வீணே பெருகும். குறைவாகக் கேட்டாலோ, அரைவை மிகுந்த நாளில் பியூஸ் உருகி வேலை நிற்பதோடு, பதிவாகும் தேவை ஒப்பந்தத்தை மீறியதற்குக் கூடுதல் கட்டணமும் செலுத்த நேரிடும். கடன் வாங்கித் தொடங்கும் தொழிலில் இவ்விரண்டும் பொறுக்கத்தக்கவை அல்ல.

வயலிலுள்ள இலவச மின்சார இணைப்பிலிருந்து கம்பி இழுத்து அரைவை யந்திரத்தை ஓட்டலாமென்று சிலர் எண்ணுவதுண்டு. அது பாசனத்திற்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. அரைவைத் தொழிலுக்குத் தனி இணைப்பு அவசியம்.

சிதம்பரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் சிறு நிலையம் ஒன்று அமைவதாகக் கணக்கிற்காகக் கொள்வோம். 10 குதிரைச் சக்தியில் நெல் ஹல்லர், 7½ குதிரைச் சக்தியில் எண்ணெய்ச் செக்கு, 5 குதிரைச் சக்தியில் மாவரைக்கும் யந்திரம், நெல் ஊறவைக்கும் தொட்டிக்கு நீர் இறைக்க 2 குதிரைச் சக்தி மோட்டார், விளக்குகளும் விசிறிகளும் சேர்ந்து அரை கிலோவாட். ஒரு குதிரைச் சக்தி 746 வாட் ஆகும். ஆயினும் மோட்டாரின் பெயர்ப்பலகையில் பொறித்திருப்பது அதன் தண்டில் கிடைக்கும் சக்தியே. கம்பியிலிருந்து அது இழுப்பது இதைவிட அதிகம். 10 குதிரைச் சக்தி மோட்டாரின் திறன் நூற்றுக்கு 87 எனின், 7.46 கிலோவாட்டை 0.87-ஆல் வகுக்க, சுமார் 8.6 கிலோவாட் வரும். இவ்வாறே மற்றவற்றிற்கும் பார்த்தால் செக்கு 6.5, மாவு யந்திரம் 4.4, நீர் மோட்டார் 1.9. விளக்கு, விசிறிகளையும் கூட்ட மொத்தம் 21.9 கிலோவாட். இதுவே எல்லா யந்திரங்களும் முழுப் பாரத்தில் ஒருங்கே இழுக்கக்கூடிய சுமை.

ஆனால் யந்திரங்கள் எப்பொழுதும் முழுப் பாரத்துடன் ஓடுவதில்லை. ஹல்லர் நூற்றுக்கு 90, செக்கு 80, மாவு யந்திரம் 85 பங்கு பாரத்தில் ஓடுமெனக் கொண்டால் தனித்தனி உச்சத் தேவை முறையே 7.7, 5.2, 3.7 ஆகும். நீர் மோட்டாரின் 1.9, விளக்கு விசிறிகளின் 0.5 சேர்ந்து கூட்டுத்தொகை 19.0. இனி நேரத்தைப் பார்க்க வேண்டும். நீர் மோட்டார் விடியலில் ஓடித் தொட்டியை நிரப்பி ஓய்ந்துவிடும். ஹல்லரும் செக்கும் முற்பகலில் ஓடும். மாவரைக்கப் பெண்கள் மாலையில் வருவர். விளக்கும் அப்பொழுதே எரியும். முற்பகலில் ஹல்லர், செக்கு, விசிறிகள் சேர்ந்து 13.2 கிலோவாட்; அன்றைய நாளின் உச்சம் இதுவே.

தனித்தனி உச்சங்களின் கூட்டுத்தொகையை, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எட்டும் உச்சத்தால் வகுத்து வரும் எண்ணை என்ஜினீயர்கள் ‘டைவர்ஸிடி பாக்டர்’ என்பர். தமிழில் நேரப் பகிர்வு விகிதம் எனலாம். இங்கே 19.0-ஐ 13.2-ஆல் வகுக்க 1.44 வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் ஆர்தர் ரைட் என்னும் என்ஜினீயர் உச்சத் தேவையைக் காட்டும் மீட்டரை அமைத்தார். அதைக் கண்டு சிக்காகோவின் சாமுவேல் இன்சல் தம் கம்பெனியின் கட்டண முறையை வகுத்தார். பலவகை வாடிக்கைக்காரர்கள் வெவ்வேறு வேளையில் மின்சாரம் கொள்வதால் ஒரே யந்திரசாலை அனைவருக்கும் போதும் என்ற கொள்கை இவ்வாறே வேரூன்றியது.

எனவே 13.2-க்கு விண்ணப்பித்தால் போதுமா? போதாது. சாதாரண நாளைக் கொண்டு விகிதத்தைக் காண்பதே பலர் செய்யும் பிழை. தீபாவளிக்கு முந்திய வாரத்தை நினைத்துப் பார்க்க. குறுவை நெல் அப்பொழுதுதான் களத்திலிருந்து வந்திருக்கும்; பட்சணத்திற்கு எண்ணெயும் வேண்டும், மாவும் வேண்டும். மாவு யந்திரம் காலையிலேயே ஓடத் தொடங்கும். முற்பகல் சுமை 16.9 கிலோவாட்டாகிறது, விகிதம் 1.12-ஆகச் சுருங்குகிறது. ஆண்டில் 7 நாள் மட்டும் நிகழ்வதாயினும் கம்பியும் ஒப்பந்தமும் அந்த 7 நாளுக்கே அமைய வேண்டும். ஏனெனில் நிலையத்தின் வருமானம் மிகுவதும் அந்நாட்களில்தான்.

மின்சாரம் தடைப்பட்டு மீளும் வேளை இன்னும் கொடியது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இந்த ஜில்லாவின் மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. பொங்கல் நெருங்கிய காலம் அது. பல நாள் நின்ற இணைப்பு மீண்டும் வந்தால் தொட்டியில் நீர் இராது, நெல் மூட்டை குவிந்திருக்கும். நீர் மோட்டாரும் மற்ற மூன்றும் ஒருங்கே ஓடும். அப்பொழுது தேவை 18.8 கிலோவாட், பகிர்வு ஏறக்குறைய இல்லாமற் போகிறது. முறைவைத்து மும்முனை மின்சாரம் வழங்கிய காலத்தில் வயல் மோட்டார்கள் யாவும் ஒரே நிமிடத்தில் ஓடத் தொடங்கி டிரான்ஸ்பார்மர்கள் திணறியதைக் குடியானவர்கள் நன்கறிவர். நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகி வருவதால் அருகிலுள்ள கிராமத்திற்கு வலுவான மின்னழுத்தம் கிடைக்குமென்று நம்புவதற்கும் இடமில்லை. கடைக்கோடியில் அழுத்தம் குறையும்போது அதே பாரத்தை இழுக்கும் மோட்டார் அதிக ஆம்பியர் எடுத்துச் சூடேறுகிறது.

ஆகையால் இந்நிலையத்திற்கு 17 அல்லது 18 கிலோவாட் தகும். நீர் மோட்டாரும் செக்கும் ஒரே இருவழிச் சுவிட்சிலிருந்து ஓடுமாறு அமைத்துவிட்டால், இரண்டும் சேர்ந்து ஓட வழியே இராது, மேற்சொன்ன 18.8 என்பதும் எழாது. ஒப்பந்தச் சுமையை எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதைப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நலம். 415 வோல்ட் மும்முனையில், சக்திக் காரணி 0.8 எனின், 16.9 கிலோவாட்டிற்கு 29 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். பிரதானக் கம்பிக்கு மட்டுமே பகிர்வு விகிதத்தால் சலுகை உண்டு. ஒவ்வொரு மோட்டாருக்கும் செல்லும் கிளைக்கம்பி அதனதன் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்க முயல்வது தீ விபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

ஹல்லர் மோட்டார் ஓடும்போது முழுப் பாரத்தில் 14 ஆம்பியர் இழுக்கும். நேரடியாகத் தொடங்கினால் சில வினாடிகளுக்கு அதைப்போல் 6 மடங்கு வரை இழுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இதனை மூன்றில் ஒரு பங்காக்கும். பெரிய மோட்டாரை முதலில் ஓடவிட்டு, அது வேகம் பிடித்தபின் மற்றவற்றைத் தொடங்குக. கெப்பாசிட்டர் பொருத்தினால் சக்திக் காரணி உயர்ந்து ஆம்பியர் குறையும்.

மேற்கண்ட பாரப் பங்குகள் கணக்கிற்காகக் கொண்டவையே. மோட்டார் ஓடும்போது கிடுக்கி மீட்டரால் மூன்று முனைகளிலும் ஆம்பியரை அளந்து, சொந்த நிலையத்தின் எண்களை இட்டுக் கணக்கைத் திரும்பச் செய்க. தற்கால மின்னணு மீட்டர்களில் உச்சத் தேவை பதிவாகும் வசதி இருந்தால், தீபாவளி வாரம் முடிந்ததும், கணக்கெடுப்பவர் வந்து எண்ணைப் பூஜ்யத்திற்குத் திருப்புமுன், அதனைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்க.